கடைசிப் பத்து நாள்: பிரீடர்ஸ் கப் குதிரைகள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ நடக்கும் பிரீடர்ஸ் கப் வார இறுதிக்கு ரேஸ் குதிரைகளை எப்படித் தயார்செய்கிறார்கள் என்று வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கென்டக்கி டெர்பிதானே அமெரிக்காவின் பெரிய ரேஸ்? பிரீடர்ஸ் கப் அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? (திருச்சி வாசகர்)

டெர்பி என்பது ஒரே ரேஸ். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடலாம், மே மாத முதல் சனிக்கிழமை நடக்கும். பிரீடர்ஸ் கப் இரண்டு நாளில் நடக்கும் 14 ரேஸ்களின் தொகுப்பு. 1984-ல் கலிஃபோர்னியாவின் ஹாலிவுட் பார்க்கில் ஒரே நாளில் 7 ரேஸ்களாகத் தொடங்கியது. 2007 முதல் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை இரண்டு வயதுக் குட்டிகளுக்கான 5 ரேஸ்கள், சனிக்கிழமை மற்ற 9. குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 6 பர்லாங் (ஒரு பர்லாங் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு) ஸ்பிரின்ட், புல்தரைக் குதிரைகளுக்கு ஒன்றரை மைல் டர்ஃப், பெண் குதிரைகளுக்குத் தனி ரேஸ்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மண்தரையில் ஒன்றேகால் மைல் கிளாஸிக். கிளாஸிக்கின் பரிசுத் தொகை மட்டும் 70 லட்சம் டாலர்.

டெர்பியில் ஜெயித்தால் அது அந்த வயதுக்கான பெருமை. இங்கே எல்லா வயதும், எல்லா நாடும், எல்லாத் தூரமும் மோதுவதால் வருடக் கணக்கு இங்கேதான் தீர்கிறது.

ரேஸுக்கு முந்தைய வாரம் குதிரைக்குக் கடுமையான பயிற்சி இருக்குமா? தினம் எவ்வளவு ஓடும்? (கோவை வாசகர்)

இருக்காது. இருந்தால் அந்த ட்ரெய்னரிடம் ஏதோ கோளாறு. கடைசிப் பத்து நாளில் ஒரு குதிரையின் உடல்திறனை ஏற்ற முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும். எலும்பு உறுதிப்படுவதற்கு மாதங்கள் வேண்டும். தசையும் மூச்சும் தயாராவதற்கு வாரங்கள் வேண்டும். அந்த வேலையெல்லாம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கிளாஸிக் ஓடப்போகும் ஓர் அமெரிக்கக் குதிரையின் அட்டவணை பெரும்பாலும் இப்படிப் போகும். ரேஸுக்கு 14 நாள் முன் 5 அல்லது 6 பர்லாங் தூரத்துக்கு ஒரு நல்ல வேகப் பயிற்சி. பர்லாங்குக்கு 12 வினாடி என்பது சுமாரான கணக்கு. அதாவது 5 பர்லாங் ஒரு நிமிடத்தில், அல்லது ஒரு நிமிடம் ஒரு வினாடியில். 7 நாள் முன் கடைசி வேகப் பயிற்சி, 4 அல்லது 5 பர்லாங், ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடியே. அதன்பின் ஒரு நாளோ இரண்டு நாளோ லாயத்தைச் சுற்றி நடை மட்டும். பிறகு ஒரு நாள் டிராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்), அடுத்த நாளிலிருந்து தினமும் ஒன்றரை மைல் மெதுவான பாய்ச்சல். இதில் மைலுக்கு இரண்டு நிமிடத்துக்குக் கீழே போக விடமாட்டார்கள். ரேஸுக்கு முந்தின நாள் இன்னும் குறைவு. ரேஸ் அன்று காலையில் நடை, அல்லது கொஞ்சம் டிராட்.

கடைசி வேகப் பயிற்சியை ஏன் ஒரு வாரம் முன்பே முடிக்கிறார்கள்? வேகமாக ஓடும்போது செலவாவது தசையில் இருக்கும் கிளைகோஜன். மனிதன் ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டால் அதை நிரப்பிக்கொள்வான். குதிரைக்கு அது நிரம்ப 48 முதல் 72 மணி நேரம் ஆகும், எவ்வளவு தானியம் கொடுத்தாலும் அவசரப்படுத்த முடியாது. புதன்கிழமை முழு வேகத்தில் ஓடிய குதிரை சனிக்கிழமை பாதித் தொட்டியோடுதான் ரேஸ் தொடங்கும் கேட்டுக்குள் நுழையும்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பயிற்சிச் சவாரிக்காரர் பக்கத்தில் வேறு குதிரை வருவதைப் பார்த்துக் கைப்பிடியைத் தளர்த்திவிடுவார். 60 வினாடியில் முடிய வேண்டியது 58-ல் முடியும். மறுநாள் பத்திரிகையில் அந்த நேரம் பெரிய எழுத்தில் வரும், பார்ப்பவர்கள் மகிழ்வார்கள். லாயத்தில் மட்டும் கவலை தொடங்கியிருக்கும். எத்தனை வினாடியில் ஓடியது என்பதை விட, எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு எப்படி ஓடியது, எத்தனை நிமிடத்தில் மூச்சு அடங்கியது, அன்று மாலைத் தீனியை மிச்சம் வைத்ததா என்பவைதான் பார்க்க வேண்டியவை. நன்றாக இருக்கும் குதிரை தொட்டியை நக்கி வைத்திருக்கும். கால் கிலோ ஓட்ஸ் மிஞ்சியிருந்தால்கூட அனுபவமுள்ள சைஸ் (குதிரையைப் பராமரிக்கும் ஆள்) அதை ட்ரெய்னரிடம் சொல்லாமல் விடமாட்டார்.

கடைசி ரேஸுக்கும் பிரீடர்ஸ் கப்புக்கும் எவ்வளவு இடைவெளி நல்லது? (மதுரை வாசகி)

ஒரே விடை இல்லை. 2022-ல் ஃபிளைட்லைன் செப்டம்பர் 3-ம் தேதி பசிபிக் கிளாஸிக்கில் ஜெயித்து, இரண்டு மாதம் ஓடாமல் நேராக, அந்த வருடம் பிரீடர்ஸ் கப் நடந்த கீன்லேண்டுக்கு வந்து கிளாஸிக்கை எட்டேகால் குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. 2015-ல் அமெரிக்கன் ஃபாரோவும் ஆகஸ்ட் கடைசியில் டிராவர்ஸ் ரேஸில் தோற்ற பிறகு இரண்டு மாதம் ஓய்ந்துதான் வந்தது. மறுபக்கம், 2018-ல் எனேபிள் அக்டோபர் முதல் ஞாயிறு பாரிஸில் ஆர்க் என்ற பெரிய புல்தரை ரேஸை ஜெயித்து, நான்கே வாரத்தில் அமெரிக்காவில் டர்ஃபும் ஜெயித்தது. ஒரே வருடத்தில் இரண்டையும் ஜெயித்த முதல் குதிரை அதுதான்.

எனேபிளுக்கு அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. முழங்காலில் பட்ட காயத்தால் அந்த வருடம் அது செப்டம்பரில்தான் ஓடவே தொடங்கியது. மார்ச்சிலிருந்து ஓடிக் களைத்த குதிரையிடம் நான்கு வார இடைவெளியில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வெளிநாட்டுக் குதிரைகள் விமானத்தில் வருகின்றனவே, அவை எப்படி உடனே ஓடுகின்றன? (சிங்கப்பூர் வாசகர்)

உடனே ஓடுவதில்லை. குறைந்தது ஒரு வாரமாவது முன்னதாக வந்துவிடுகின்றன. ஜப்பான் குதிரைகள் இன்னும் முன்னதாக வரும்.

சரக்கு விமானத்தில் குதிரைக்கென்று கொட்டில் வடிவப் பெட்டி உண்டு. ஒரு பெட்டியில் மூன்று குதிரைகள் நிற்கலாம். ரேஸ் குதிரைகளுக்கு நடுத் தடுப்பைத் தள்ளி இரண்டாக்கிக்கொள்வார்கள். சைஸ் கூடவே பறப்பார். விமானம் ஏறுவதும் இறங்குவதும் வழக்கத்தை விட மெதுவாக இருக்கும், ஏனென்றால் குதிரை நான்கு காலில் நின்றபடியே சமநிலை பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானப் பயணத்தில் பயப்பட வேண்டியது நுரையீரலுக்குத்தான். குதிரை தலையைத் தாழ்த்தி மேயும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வடியும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தலையை உயர்த்திக் கட்டி வைத்தால் அது உள்ளேயே தேங்கி, கிருமி பெருகி, நுரையீரலிலும் அதைச் சுற்றிய உறையிலும் அழற்சியாகும். ‘ஷிப்பிங் ஃபீவர்’ என்பது அதுதான். ஆகவே கயிற்றை நீளமாக விட்டு, புல் வலையைத் தாழ்த்திக் கட்டி, புல்லைத் தண்ணீரில் நனைத்துத் தூசியை அடக்குவார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்டுவார்கள். ஊர் மாறினால் தண்ணீரின் வாசனை மாறும், பல குதிரைகள் குடிக்க மறுக்கும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்கிவிட்டால், எந்த ஊரில் அதே சாற்றைக் கலந்தாலும் குடித்துவிடும்.

500 கிலோ குதிரை நீண்ட பயணத்தில் 15 முதல் 20 கிலோ இழப்பது சகஜம். பெரும்பாலும் அது தண்ணீரும் குடலில் இருந்த தீனியும்தான். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லையென்றால் அந்தக் குதிரை மேல் பணம் கட்டுவது வீண்.

அமெரிக்காவில் இறங்கியதும் ரத்தம் எடுத்துச் சில தொற்று நோய்களுக்குச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை சுமார் 42 மணி நேரம் தனிமைக் கொட்டிலை விட்டு வெளியே வர முடியாது. தினமும் ஓடிப் பழகிய உடம்பு திடீரென்று இரண்டு நாள் அடைந்து கிடக்கும். அதனால் அந்த நாட்களில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் புல்லை அதிகமாக்குவார்கள். குறைக்காமல் விட்டால், வெளியே வந்து முதல் பாய்ச்சலிலேயே பின்தொடைத் தசை கல்லாக இறுகிப்போகும் ஆபத்து உண்டு.

ஜப்பானிய ட்ரெய்னர் யோஷிட்டோ யஹாகி இதில் கைதேர்ந்தவர். 2021-ல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் லவ்ஸ் ஒன்லி யூ, மார்ஷ் லொரைன் என்ற இரண்டு பெண் குதிரைகளைக் கொண்டுவந்து இரண்டையும் ஜெயிக்கவைத்தார். பிரீடர்ஸ் கப்பில் ஜப்பானின் முதல் வெற்றிகள் அவை. 2024 கிளாஸிக்கில் மூன்றாவதாக வந்த அவருடைய ஃபாரெவர் யங், 2025-ல் அதே டெல் மாரில் ஜப்பானுக்கு முதல் கிளாஸிக்கை வாங்கிக்கொடுத்தது. அந்த வருடம் சவுதி, துபாய் இரண்டுக்கும் போய்வந்த குதிரைக்கு, கோடையில் நீண்ட ஓய்வு கொடுத்து, அக்டோபர் தொடக்கத்தில் ஜப்பானிலேயே ஒரே ஒரு ரேஸ் ஓடவிட்டு அழைத்துவந்தார்.

ஐரோப்பியக் குதிரைகள் அமெரிக்க வளைவுகளில் திணறுவதாகச் சொல்கிறார்களே? (சென்னை வாசகர்)

உண்மை. அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லா ரேஸும் இடப்பக்கம் திரும்பித்தான். டெல் மாரின் புல்தரை வட்டம் 7 பர்லாங்தான், வளைவு இறுக்கமாக இருக்கும். இங்கிலாந்தின் ஆஸ்காட்டும் பாரிஸின் லாங்ஷாமும் வலப்பக்கம் திரும்பும் அகன்ற தளங்கள்.

பாய்ச்சலில் குதிரை ஒரு முன்காலைக் கடைசியாக, மற்றதை விட முன்னால் நீட்டி வைக்கும். இடது வளைவில் இடது முன்கால் முன்னே இருக்க வேண்டும், நேர்ப்பாதைக்கு வந்ததும் வலதுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் ஓடும் குதிரையின் ஒரே பக்கத் தசைகள் களைத்துப்போய், கடைசி 200 மீட்டரில் சக்தி தீரும். ஐரோப்பியக் குதிரைகளை ரேஸுக்கு முன் தளத்தில் இரண்டு மூன்று தடவையாவது வளைவில் மெதுவாகப் பாயவைப்பது இதற்காகத்தான். வேகம் பழக அல்ல, திரும்பப் பழக.

நம் ஊரில் குதிரைக்குக் கொள்ளுதான் உணவு என்பார்கள். அங்கே என்ன கொடுக்கிறார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

கொள்ளில் குறை ஏதும் இல்லை. வேகவைத்த கொள்ளு தின்று இங்கே வண்டிக் குதிரைகளும் படைக் குதிரைகளும் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கின்றன. ஆனால் கொள்ளில் புரதம் அதிகம். ரேஸ் குதிரைக்கு வேண்டியது சட்டென்று எரியும் மாவுச்சத்து. புரதம் தேவைக்கு மேல் போனால் உடம்புச் சூடு கூடும், சிறுநீரில் அம்மோனியா நெடி ஏறும், மூடிய கொட்டிலில் அந்த நெடி நுரையீரலுக்குக் கெடுதல். ஓட்ஸில் மாவுச்சத்து உண்டு, அது சிறுகுடலிலேயே எளிதாகச் செரிக்கும், உமியோடு இருப்பதால் வயிற்றில் கட்டி தட்டாது.

பயிற்சியில் இருக்கும் 500 கிலோ குதிரைக்கு நாளைக்குச் சுமார் 6 முதல் 7 கிலோ காய்ந்த புல், 5 முதல் 6 கிலோ தானியம், 50 கிராம் உப்பு. குளிர்காலத்திலேயே 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். தானியத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. குதிரையின் இரைப்பை உடம்பு அளவுக்குச் சிறியது. அதிகம் கொட்டினால் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதிலிருந்து வயிற்றுவலி, அல்லது குளம்புக்குள் அழற்சி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்தால், அளவு ஏன் இத்தனை முக்கியம் என்பது புரியும்.

பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கிறது. வெறும் வயிற்றோடு பாயும்போது அமிலம் மேலேறி, பாதுகாப்பில்லாத மேல்பகுதியில் படுவதுதான் காரணம். காலைப் பயிற்சிக்கு அரை மணி முன் இரண்டு கைப்பிடி நறுக்கிய குதிரைமசால் கொடுத்தால் வயிற்றில் ஒரு மெத்தை போல நின்று அமிலத்தைத் தடுக்கும், அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து புளிப்பையும் குறைக்கும். செலவில்லாத வைத்தியம். நம் ஊர்க் குதிரைக்காரர்களும் தாராளமாகச் செய்யலாம்.

ரேஸ் வாரத்தில் புதுத் தீனி எதுவும் கூடாது. வகை மாற்ற வேண்டுமென்றால் 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். ரேஸ் அன்று விடியற்காலை ஒரு கிலோ அளவுக்குத் தானியம், கொஞ்சம் புல். ரேஸுக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் புல்லை எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் குடலில் இருக்கும் ஒவ்வொரு கிலோ புல்லும் தன்னோடு சில லிட்டர் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரை நாள் முழுக்க நிறுத்திவைப்பது பழைய வழக்கம், தவறான வழக்கம்.

2025-ல் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஸாவரின்டி காய்ச்சல் காரணமாக விலகியது. லேசான காய்ச்சலுக்கு இத்தனை பெரிய ரேஸை விடலாமா? (சேலம் வாசகர்)

விடத்தான் வேண்டும். அந்த வருடம் கென்டக்கி டெர்பி, பெல்மான்ட், டிராவர்ஸ் மூன்றையும் ஜெயித்த குதிரை அது. ரேஸ் வாரத்தில் காய்ச்சல் வந்ததும் ட்ரெய்னர் பில் மாட் கிளாஸிக்கிலிருந்து விலக்கினார். அந்த முடிவை முழு மனதோடு பாராட்டுகிறோம்.

குதிரையின் இயல்பான உடல்சூடு 37.5 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். 38.6-க்கு மேல் போனால் காய்ச்சல். தினமும் விடியற்காலையும் பிற்பகலும், தீனிக்கு முன், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, கொட்டில் வாசலில் தொங்கும் அட்டையில் எழுதுவார்கள். ஓடிவந்த பிறகு பார்க்கும் சூடு கணக்கில் சேராது.

காய்ச்சல் என்றால் உள்ளே எங்கோ அழற்சி இருக்கிறது. அது நுரையீரலில் இருந்தால் முழு ஓட்டம் அதை நிமோனியாவாக்கிவிடும். குதிரை மூக்கு வழியாக மட்டும்தான் மூச்சுவிடும். பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு என்று காலோடு பூட்டியே விடும். நுரையீரலில் ஒரு பங்கு குறைந்தாலும் ஈடுகட்ட வழியில்லை. சூட்டைத் தணிக்கும் மருந்து கொடுக்கலாமே என்றால், ரேஸ் நெருங்கிய பிறகு அந்த மருந்துகளுக்குத் தடை. இன்னொன்றும் உண்டு. ஹெர்பிஸ் போன்ற தொற்றாக இருந்தால் ஒரு குதிரையின் பிடிவாதத்தால் அந்தக் கொட்டில் முழுவதையும் பூட்ட வேண்டிவரும்.

காலில் கோளாறு இருப்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (ஊட்டி வாசகி)

முதல் கருவி கை. விடிவதற்கு முன் கட்டுத்துணியை அவிழ்த்ததும், சைஸ் குந்தி உட்கார்ந்து இரண்டு முன்கால்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் முழங்காலிலிருந்து கீழ்நோக்கித் தடவுவார். இடதுக்கும் வலதுக்கும் சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா, பின்புறத் தசைநாண் கயிறு போல் விறைப்பாக இருக்கிறதா அல்லது ஓரிடத்தில் உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு காலைத் தூக்கி மடக்கி, தளர்ந்த தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போவார். வலிக்கும் இடம் வந்ததும் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். கணுக்கால் மூட்டின் பின்பக்கத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பதும் உண்டு. நல்ல காலில் அந்த நாடி கைக்கே தெரியாது. திம் திம்மென்று அடித்தால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது.

அடுத்தது மருத்துவர். கெட்டியான தரையில் குதிரையைத் தளர்ந்த கயிற்றில் டிராட் ஓடவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் பார்ப்பார். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். பின்கால் வலியென்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கும். கண்ணை ஏமாற்றுவது இரண்டு கால்களிலும் ஒரே அளவு வலி இருக்கும்போதுதான். தலையாட்டம் இருக்காது, எட்டு மட்டும் கொஞ்சம் குட்டையாகும். அதற்குத்தான் அதே குதிரையைத் தினம் பார்த்த கண் வேண்டும். போன வாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தவருக்கே இன்று குட்டையாகியிருப்பது தெரியும்.

2019-ல் சான்டா அனிடாவில் கிளாஸிக்கின் கடைசிக் கட்டத்தில் மங்கோலியன் க்ரூம் கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதன்பின் பரிசோதனை மிகவும் இறுகியது. இப்போது ரேஸ் வாரம் முழுக்க மருத்துவர் குழு கொட்டிலிலும் பார்க்கிறது, காலையில் தளத்தில் பயிற்சி ஓடும்போதும் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் ரேஸ் அன்று காலையில்கூட விலக்கிவிடுகிறார்கள். உரிமையாளர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் ரேஸில் முறியும் எலும்புகளில் பெரும்பாலானவை அன்று முதல்முறையாகச் சேதமானவை அல்ல. வாரக்கணக்கில் சேர்ந்த நுண்விரிசல் அன்று விட்டுப்போகிறது. ஆகவே விலக்குவதில் மருத்துவர் அதிகம் தவறுவது நல்லதுதான்.

லாடம் எப்போது மாற்றுவார்கள்? (வேலூர் வாசகர்)

ரேஸுக்கு லேசான அலுமினிய லாடம். சாதாரணமாக 3, 4 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ரேஸுக்கு முந்தின நாள் மாற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. 4 முதல் 7 நாள் முன் மாற்றினால், ஓர் ஆணி உணர்ச்சியுள்ள பகுதிக்கு நெருக்கமாக இறங்கியிருந்தாலும் இரண்டு நாளில் சூடும் நொண்டலும் காட்டிக்கொடுக்கும், பிடுங்கி ஆற்றுவதற்கு நேரம் இருக்கும். விரல்பக்கக் குளம்பை நீளமாக விட்டுக் குதிகாலைத் தாழ்த்தினால் எட்டு நீளும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தசைநாண் மேல் பாரம் ஏறுவதுதான் மிச்சம். மண்ணைப் பிடிப்பதற்காக முன்பக்கம் துருத்தும் பல் வைத்த லாடங்களை முன்கால்களில் அமெரிக்கா இப்போது தடைசெய்திருக்கிறது. கால் தரையில் பட்டதும் ஒரு கணம் வழுக்கி நிற்க வேண்டும். வழுக்காமல் பிடித்துக்கொண்டால் அதிர்ச்சி முழுவதும் எலும்புக்குப் போகும்.

லாசிக்ஸ் ஊசி இப்போதும் போடுகிறார்களா? (பெங்களூரு வாசகர்)

பிரீடர்ஸ் கப்பில் இல்லை. 2020-ல் இரண்டு வயது ரேஸ்களிலும், 2021-லிருந்து 14 ரேஸ்களிலும் ரேஸ் நாள் லாசிக்ஸ் நின்றுவிட்டது. முழு வேகத்தில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெடித்துக் கசிவதைக் குறைக்கத்தான் அந்த மருந்து. கூடவே சிறுநீராகப் பத்துக் கிலோவும் அதற்கு மேலும் எடை இறங்கும் என்பதால், கசிவு இல்லாத குதிரைக்கும் போட்டார்கள். இப்போது கசியும் குதிரைக்குத் தூசியில்லாத கொட்டில், நனைத்த புல், போதுமான இடைவெளி ஆகியவைதான் வழி. சமையல் சோடாவைக் குழாய் வழியாக வயிற்றில் இறக்கிக் களைப்பைத் தள்ளிப்போடும் தந்திரமும் ரத்தச் சோதனையில் பிடிபடும்.

கூட்டத்தைப் பார்த்துக் குதிரை மிரளாதா? (நாகர்கோவில் வாசகி)

மிரளும். அதனால் ரேஸ் வாரத்துக்கு முன்பே வேறு ரேஸ்கள் நடக்கும் பிற்பகலில் சேணம் கட்டும் இடத்துக்கு அழைத்துப்போய் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிவருவார்கள். கேட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் உள்ளே நிறுத்தி, கதவைத் திறக்காமலேயே பின்பக்கமாக வெளியே எடுப்பார்கள். உள்ளே போனாலே பாய வேண்டும் என்ற பதற்றம் குறையும்.

ரேஸ் அன்று பார்க்க வேண்டியது வியர்வை எங்கே என்பதை. கழுத்தில் கொஞ்சம் ஈரம் வெயிலாலும் வரலாம். பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளை நுரை கட்டினால் அது பதற்றம், ரேஸுக்கான சக்தி அங்கேயே வடிகிறது. ஆனால் குதிரைக்குக் குதிரை வேறுபடும். 2009 கிளாஸிக்கை ஜெயித்த ஸென்யாட்டா ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் முன்காலை வீசி நடனம் போலத்தான் நடக்கும். அது அதன் இயல்பு. தன் வழக்கத்திலிருந்து மாறி நடக்கும் குதிரைதான் கவலைக்குரியது.

காதில் பஞ்சு, கண்ணுக்குப் பக்க மறைப்பு, நாக்கைக் கட்டும் துணி எதையும் பெரிய ரேஸ் அன்று முதன்முதலாக முயலக் கூடாது.

சாட்டையால் அடிப்பதற்கு வரம்பு உண்டா? எடை எவ்வளவு? (ஈரோடு வாசகர்)

ஒரு ரேஸில் அதிகபட்சம் 6 அடி. இரண்டு அடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், குதிரை பதில் சொல்ல இடம் விட வேண்டும். கிளாஸிக்கில் நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைக்கு 126 பவுண்ட், அதாவது சுமார் 57 கிலோ. மூன்று வயதுக்கு 122 பவுண்ட். பெண் குதிரைக்கு 3 பவுண்ட் சலுகை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து குறைந்தால் ஈயத் தகடு சேர்ப்பார்கள்.

ரேஸ் முடிந்ததும் குதிரைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது சரியா? (புதுச்சேரி வாசகர்)

சரியல்ல. சூடான குதிரை குடித்தால் வயிற்றுவலி வரும் என்று நம்பிப் பல காலம் தாகத்தோடு நடத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாம். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாகக் கழுத்திலும் தொடைகளுக்கு நடுவிலும், விடாமல் ஊற்ற வேண்டும். ஈரத் துணியைப் போர்த்திவைத்தால் சூடு உள்ளேயே அடங்கிவிடும், அதைச் செய்யாதீர்கள். கூடவே 30, 40 நிமிட நடை.

ஜெயித்த குதிரையும் அதிகாரிகள் தேர்ந்தெடுக்கும் மற்றவையும் சோதனைக் கொட்டிலுக்குப் போகும். ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். சிறுநீர் வரத் தாமதமானால் புதுத் துரும்பு பரப்பிய கொட்டிலில் விட்டு, சைஸ் மெதுவாகச் சீட்டி அடிப்பார், அதற்குக் குதிரைகளைச் சிறுவயதிலேயே பழக்கியிருப்பார்கள். திரும்பி வந்ததும் கால்களில் 20 நிமிடம் ஐஸ், களிமண் பூச்சு, கட்டு. அன்று இரவு தானியத்தைக் குறைத்து, ஈரமான தவிட்டுக் கூழும் வேண்டிய அளவு புல்லும் வைப்பார்கள். மறுநாள் காலை அதே தெர்மாமீட்டர், அதே கைத்தடவல், டிராட்டில் ஒரு பார்வை. நொண்டல் இருந்தால் பெரும்பாலும் அன்றுதான் வெளிப்படும், ஆகவே ஊருக்குத் திரும்பும் வண்டியில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பார்வையைத் தவறவிடக் கூடாது.